பத்துப் பேர் கூடும் பள்ளி: யூத சமயம், ஓர் அறிமுகம்

(தாம்பரத்தில் நம் அறக்கட்டளை நடத்திய விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிற சமயம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு அறங்காவலர்கள் பணித்தபோது, யூத சமயத்தை நானே தேர்ந்தேன். பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது என்பது அநேகாந்தம் நமக்குக் கற்பித்த பாடம். அதனினும் அணுக்கமான காரணம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சமணர் ஏறத்தாழ 44.5 இலட்சம் பேர்; தமிழகத்தில் வடநாட்டு அன்பர்களையும் சேர்த்தே 90 ஆயிரத்தை எட்டவில்லை. உலகெங்கும் உள்ள யூதர் தொகை ஒன்றரைக் கோடி அளவினது. சென்னைப் பெருநகரின் மக்கள்தொகையை விடச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். சிறுபான்மையாய் வாழ்ந்து, ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, நெறியை மட்டும் விடாது பற்றிய மக்களின் வரலாறு, வந்தவாசிப் பக்கமிருந்தும் திண்டிவனம், ஆரணிப் பக்கமிருந்தும் கிளம்பித் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் குடியேறிய நமக்குப் பயன்படும் என்று எண்ணினேன். யூதர் என்றவுடன் நாளிதழில் வரும் போர்ச் செய்தியே பலர்க்கு நினைவில் எழும். அரசியல் என் பொருளன்று. சமயத்தைப் பற்றியே பேச விழைகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகவே கூறுகிறேன். யூதர் தம் குலமுதல்வராகப் போற்றுபவர் ஆபிரகாம். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த அவர்தம் வழியினரை மோசே மீட்டு அழைத்து வந்தார் என்பதும், சீனாய் மலையில் இறைவனிடமிருந்து திருச்சட்டத்தைப் பெற்றார் என்பதும் அவர்கள் நம்பிக்கை. அச்சட்டத்தைக் கொண்ட ஐந்து நூல்களின் தொகுதியே தோரா. சாலமோன் அரசன் எருசலேமில் கட்டிய கோயில், கி.மு. 586இல் பாபிலோனியரால் இடிக்கப்பட்டது. மீண்டும் கட்டினர். கி.பி. 70இல் உரோமானியர் அதனையும் எரித்தழித்தனர். அன்றுமுதல் இன்றுவரை அவர்களுக்கு அக்கோயில் இல்லை.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தின் வழிபாடு முழுவதும் அந்த ஒரே கோயிலைச் சார்ந்திருந்தது. பலி அங்கேதான், பூசகர் பணி அங்கேதான், ஆண்டுக்கு மும்முறை மக்கள் திரண்டு செல்வதும் அங்கேதான். அக்கோயில் வீழ்ந்தபோது சமயமும் வீழ்ந்திருக்க வேண்டும். வீழாமைக்குக் காரணம் ஆசிரியர்கள். யோகனான் பென் சக்காய் என்னும் பேராசிரியர், யவ்னே என்னும் சிற்றூரில் மாணாக்கரைக் கூட்டிப் பாடம் சொல்லத் தொடங்கினார். பலி இருந்த இடத்தில் தொழுகையும் ஈகையும் கல்வியும் அமர்ந்தன. வாய்மொழியாக வந்த சட்ட விளக்கங்கள் ஏறத்தாழ கி.பி. 200இல் மிஷ்னா என்னும் நூலாயின. அதன்மேல் எழுந்த விவாதக் கடலே தால்மூத். ஒரு கருத்துக்கு எதிர்க் கருத்து, அதற்கு மறுப்பு என்று விரியும் அந்நூல், தோற்ற ஆசிரியரின் கருத்தையும் பெயர் சொல்லிக் காத்து வைத்திருக்கிறது. நம் உரையாசிரியர்கள் "என்பாரும் உளர்" என்று மாற்றாரை முடித்துவிடும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு இது வியப்பாகவே இருந்தது.

அவர்களுடைய சமயத் தலைவரை ரப்பி என்பர். அச்சொல்லுக்குப் பொருள் "என் ஆசிரியர்" என்பதே. நாமும் பஞ்ச நமஸ்காரத்தில் உபாத்தியாயரை நாள்தோறும் வணங்குகிறோம் அல்லவா? நாற்பதாண்டுக் காலம் கரும்பலகை முன் நின்றவன் இதனைச் சொல்லிக் கொள்வதில் சிறிது தன்னலமும் உண்டு, பொறுத்தருள்க.

இனிக் கொள்கை. வேறுபாட்டை முதலில் வெளிப்படையாகவே சொல்லிவிடுவோம். உலகைப் படைத்தவன் ஒருவன் உளன், அவனுக்கு உருவமில்லை, அவனன்றி வேறு தெய்வமில்லை என்பது யூத சமயத்தின் அடித்தளம். உலகம் அநாதி, படைத்தவன் என்று ஒருவன் இல்லை, உயிர் தன் வினையைத் தானே ஈட்டித் தானே கழிக்கிறது என்பது நம் அடித்தளம். இவை இரண்டும் ஒன்றே என்று மேடையில் பேசுவது கேட்க இனிமையாக இருக்கும், உண்மையாக இராது. அவர்கள் உருவ வழிபாட்டை அறவே விலக்குவர். நாம் தீர்த்தங்கரர் திருவுருவின் முன் நின்று அவர்தம் குணங்களை நினைந்து தொழுகிறோம். மறுமையைப் பற்றி நம் நூல்கள் பேசும் அளவுக்கு அவர்தம் நூல்கள் பேசுவதில்லை. இவ்வுலகில், இன்று, இந்தச் செயலை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதிலேயே அவர்கள் கருத்து ஊன்றி நிற்கிறது. தோராவில் 613 கட்டளைகள் உள்ளன என்பது மரபுவழிக் கணக்கு: செய்க என்பன 248, செய்யற்க என்பன 365.

கொள்கையில் இத்துணைத் தொலைவில் நிற்கும் இரு சமயங்கள், வீட்டிற்குள் நுழைந்தவுடன் வியப்பூட்டும் அளவுக்கு அருகில் வருகின்றன. அதனைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பொழுது. நமக்குக் கதிரவன் மறைவது உணவை நிறுத்தும் வேளை. அவர்களுக்கு அதுவே நாள் பிறக்கும் வேளை. வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்கிச் சனிக்கிழமை இரவில் விண்மீன் தோன்றும் வரை சப்பாத்து எனும் ஓய்வுநாள். கதிரவன் மறையுமுன் இல்லத்தரசி விளக்கேற்றுவாள். அதன்பின் அடுப்பு மூட்டலாகாது, எழுதலாகாது, வாணிகம் பேசலாகாது, மரபை முழுதும் போற்றுவோர் மின்விசைப் பொத்தானையும் தொடுவதில்லை. விலக்கப்பட்ட தொழில்வகை 39 என்று வரையறுத்திருக்கிறார்கள். வேலையாளுக்கும், ஏரில் பூட்டும் எருதுக்கும் அன்று ஓய்வு தரவேண்டும் என்பது கட்டளை. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் தொழிலைச் சுருக்கி நோன்பிருந்த நம் பாட்டனார் தலைமுறைக்கு இது அயலாகத் தோன்றியிராது. ஞாயிற்றுக்கிழமையும் கணினியை மூடாத நம் பிள்ளைகளுக்குத்தான் வியப்பாயிருக்கும்.

இந்த ஓய்வுநாளின் வலிமைக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மராட்டியக் கொங்கணக் கரையில் பெனே இஸ்ரவேல் என்னும் யூதர் வாழ்ந்தனர். கப்பல் உடைந்து ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் கரையேறினர், அவர் வழியினரே தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. நூல்களை இழந்தனர், எபிரேய மொழியை மறந்தனர், மராத்தி பேசி எண்ணெய் ஆட்டிப் பிழைத்தனர். ஆயினும் சனிக்கிழமையில் செக்கு ஓட்டுவதில்லை. எனவே ஊரார் அவர்களைச் "சனிவார் தேலி", அதாவது சனிக்கிழமை ஓய்வெடுக்கும் வாணியர், என்று அழைத்தனர். நெடுங்காலத்திற்குப் பின் பிற நாட்டு யூதர் வந்து பார்த்தபோது, இவர்களை இனங்கண்டது இந்த வழக்கத்தாலும் உணவு விலக்குகளாலும் போன்ற சிலவற்றால்தான். 1796இல் மும்பையில் அவர்கள் தம் முதல் தொழுகைக்கூடத்தையும் கட்டினர்.

அடுத்தது அடுக்களை. யூதர் புலால் உண்பவர்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கண்டதை உண்பவர் அல்லர். குளம்பு பிளந்து அசைபோடும் விலங்கு, துடுப்பும் செதிளும் உடைய மீன் என்று வரையறை உண்டு. குருதி உணவில் கலத்தலாகாது. இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணலாகாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். இன்னொரு விதி நம் பெண்மணிகளுக்குச் சுவையாயிருக்கும்: பூச்சி புழு வயிற்றினுள் செல்லலாகாது. ஆகவே கீரையையும் பருப்பையும் அரிசியையும் ஆய்ந்து பார்த்தல் அவர்களுக்குச் சமயக் கடமை. பாஸ்கா பெருநாளுக்கு முன் கொச்சி யூதப் பெண்டிர் அரிசியை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவார்களாம். தண்ணீரை வடிகட்டி, முறத்தில் பருப்பைப் பரப்பி நம் வீட்டார் பார்க்கும் காட்சி அதுவேதான். நோக்கம் வேறு. அவர்களுக்கு அது தூய்மை. நமக்கு அது சிற்றுயிருக்கும் தீங்கிழையாமை.

கொல்லாமையை அவர்கள் நூல் அறியவே இல்லையோ எனின், அறியும். விவிலியத்தின் தொடக்கத்தில் முதல் மாந்தருக்கு இறைவன் உணவாக வழங்குவது விதை தரும் செடியும் கனி தரும் மரமுமே. ஊனுண்ண இசைவு கிடைப்பது பெருவெள்ளத்திற்குப் பின்னர், நோவாவின் காலத்தில்தான். விலங்கை வருத்துதல் பாவம் என்பதும், தான் உண்ணுமுன் தன் கால்நடைக்குத் தீனியிட வேண்டும் என்பதும் அவர்தம் ஆசிரியர் வகுத்த முறை. இதனைச் சான்றாகக் கொண்டு மரக்கறி உணவை மேற்கொண்ட யூதர்களும் உள்ளனர்.

மூன்றாவது, மன்னிப்பு. நம் தசலட்சண பருவம் ஆவணி, புரட்டாசியை ஒட்டி வருகிறது. அதன் நிறைவில் க்ஷமாவணி நாளில் எல்லா உயிர்களிடத்தும் பிழை பொறுக்க வேண்டுகிறோம். ஏறக்குறைய அதே பருவத்தில், பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில், யூதரின் யோம் கிப்பூர் வருகிறது. ஒரு மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், நீரும் அருந்தாத நோன்பு. இறைவனுக்குச் செய்த பிழையை அந்த நோன்பு கழுவும். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதனிடமே சென்று தீர்த்தாலன்றி நோன்பு கழுவாது என்று மிஷ்னா திட்டவட்டமாக விதிக்கிறது. ஆகவே அந்நாளுக்கு முன்னர் வீடு வீடாகச் சென்று பிழை பொறுக்கக் கேட்பர். ஒருவன் மூன்று முறை வேண்டியும் மன்னிக்க மறுத்தால் பழி மறுத்தவனைச் சாரும். நாம் இப்போது வாட்ஸ்அப்பில் ஒரே படத்தை இருநூறு பேருக்கு அனுப்பி க்ஷமாவணியை முடித்துக்கொள்கிறோம். உண்மையில் யாரிடம் கேட்க வேண்டுமோ, அவர் பெரும்பாலும் அந்த இருநூறு பேரில் இருப்பதில்லை.

நான்காவது, நூல். யூதர் தொழுகைக்கூடத்தில் திருவுருவம் இல்லை. கிழக்கே அல்லது எருசலேம் நோக்கிய திசையில் ஒரு பேழை இருக்கும். அதனுள் தோற்சுருளில் கையால் எழுதிய தோரா. அதனைப் பகுதி பகுதியாக வாரந்தோறும் ஓதி ஓராண்டில் முடிப்பர். முடிக்கும் நாள் சிம்காத் தோரா என்னும் பெருவிழா. சுருளைத் தோளில் ஏந்தி ஆடிப் பாடுவர். இறுதி வரியை ஓதிய கையோடு முதல் வரியையும் ஓதித் தொடங்கிவிடுவர். ஒரு நாளும் "படித்து முடித்தாயிற்று" என்று ஆகாது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவில் எழுந்தது உ.வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்". 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டதும், அந்நூலின் பொருள் விளங்காமல் ஐயர் திகைத்ததும் நீங்கள் அறிந்தவையே. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லத்திற்குச் சென்றபோது வாயிலில் கோலமும் தோரணமும் கண்டார். என்ன விசேடம் என்று வினவ, பல மாதங்களாக நடந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவெய்தியது என்றனர். வீடூர் அப்பாசாமி நயினாரும் சந்திரநாத செட்டியாரும் தந்த விளக்கங்களின் துணையோடு 1887இல் சிந்தாமணி அச்சேறியது. கல்லூரிகளும் மடங்களும் மறந்த ஒரு காப்பியத்தை, திருவிழாக் கொண்டாடிப் படித்துக் காத்தவை சில நயினார் வீடுகள். யூதரின் சிம்காத் தோராவுக்கு ஈடான விழா நம்மிடம் இருந்தது. சுருத பஞ்சமி இன்றும் இருக்கிறது; அன்று நூலுக்குப் பூச்சாத்துகிறோம். திறந்து படிக்கும் வீடுகள் எத்தனை என்பதை நான் கேட்கப்போவதில்லை.

சரி, இவ்யூதர்க்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு? மிகப் பழைய தொடர்பு. சாலமோன் அரசனுக்குக் கடல்வழி வந்த பொருள்களைக் கூறுமிடத்தில் எபிரேய விவிலியம் மயிலைக் குறிக்க ஆளும் "துக்கி" என்னும் சொல், நம் "தோகை"யே என்று கால்டுவெல் முதலான அறிஞர் கருதினர். அகநானூறு பாடும் முசிறித் துறையில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு பெயர்ந்தனர். அந்த முசிறியை ஒட்டிய கொடுங்கல்லூரிலேயே தம் முன்னோர் முதலில் குடியேறினர் என்று கொச்சி யூதர் கூறுவர்.

மரபுக் கதையை விடுத்துக் கல்லிலும் செம்பிலும் உள்ளதைப் பார்ப்போம். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு ஒரு செப்பேடு அளித்தான். யோசேப்பு ரப்பான் என்னும் பெயரின் தமிழ் வடிவமே இசுப்பு இரப்பான். எழுத்து, கழுகுமலையில் நம் குரவரும் குரத்தியரும் பெயர் பொறித்து வைத்திருக்கும் அதே வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, மலையாளம் தனியே பிரிந்து வளர்ந்துகொண்டிருந்த காலத்து மேற்கரைத் தமிழ். தமிழ் படித்தவர் சற்று முயன்றால் பொருள் கொள்ளலாம். பகல் விளக்கு, பாவாடை, குடை, பல்லக்கு, வடுகப்பறை, தோரணம், தோரண விதானம் முதலாக 72 உரிமைகள் அவனுக்கு வழங்கப்பட்டன. உல்கும் துலைக்கூலியும் விலக்கப்பட்டன. உல்கு என்னும் சொல்லைத் திருக்குறளில் படித்திருக்கிறோம். சுங்கம் என்பது பொருள். இவ்வுரிமைகள் அவன் ஆண்மக்களோடு நில்லாது பெண்மக்கள் வழியினர்க்கும் செல்லும் என்று எழுதியிருப்பது குறிப்பிடத்தக்கது. அச்செப்பேடு இன்றும் மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தில் உள்ளது.

அத்தொழுகைக்கூடத்தை மலையாளத்தில் ஜூதப்பள்ளி என்கின்றனர். இச்சொல்லைக் கவனியுங்கள். பள்ளி என்பது முதலில் நம் முனிவர்களும் பௌத்தத் துறவியரும் தங்கிய இடம். சமணப் பள்ளிக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம் என்று கல்வெட்டுகள் கூறும். முனிவர் இருந்து கற்பித்த இடமாதலால் தமிழில் அது கல்விக்கூடமாயிற்று. கேரளத்தில் அதே சொல் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்திற்கும் யூதர் தொழுகைக்கூடத்திற்கும் பொதுப்பெயராயிற்று. நம் வீட்டுச் சொல் எத்தனை வீடுகளுக்கு விளக்கேற்றியிருக்கிறது!

சென்னையிலும் அவர்கள் சுவடு உண்டு. தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி மண்ணடிப் பக்கம் நடந்தால் பவளக்காரத் தெருவை அடையலாம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இலண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வந்த யூத வணிகர், நடுநிலக்கடற் பவளத்தைக் கொணர்ந்து விற்றுக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்றனர். 1688இல் சென்னை நகரவை அமைந்தபோது அதன் உறுப்பினருள் யூத வணிகரும் இடம்பெற்றனர். அவர்கள் இங்கே வேரூன்றவில்லை. தெருப்பெயர் ஒன்றும், இலாயிட்ஸ் சாலையில் சிறு கல்லறைத் தோட்டம் ஒன்றுமே எஞ்சின.

ஸ்பெயின் நாட்டில் 1492இல் யூதர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு அலைந்தோருள் சிலர் கொச்சிக்கு வர, அரசர் தம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே இடம் தந்தார். 1568இல் அங்கே பரதேசிப் பள்ளி எழுந்தது. சீனத்திலிருந்து வந்த, கையால் வண்ணந்தீட்டிய நீல ஓடுகள் அதன் தரை. அதனுள் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைவர்; ஐரோப்பிய யூதரிடம் இவ்வழக்கம் இல்லை, நம் மண் கற்பித்தது. போர்த்துக்கீசியர் செய்த கொடுமை நீங்கலாக, இந்நாட்டில் யூதர் பெரும்பாலும் துன்புறுத்தப்படாமலே வாழ்ந்தனர்.

ஐரோப்பாவில் நடந்ததோ வேறு. 1933 முதல் 1945 வரை செருமனியில் ஆண்ட நாஜிகள் 60 இலட்சம் யூதரைக் கொன்றனர். இதனை நம் இல்லங்களைத் தொடும் ஒரு காரணத்திற்காகச் சொல்கிறேன். அக்கொலைஞர்கள் கொடியில் பொறித்த சின்னம் சுவத்திகத்தை ஒத்தது. நமக்கு அது நாற்கதியின் குறி. ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதரின் இலாஞ்சனம். ஆலயத்தில் அரிசியால் நாள்தோறும் இடுவது. நம் பிள்ளைகள் அமெரிக்காவில் வீடு வாங்கும்போது, பெற்றோர் சென்று நிலைப்படியில் மஞ்சளால் சுவத்திகம் வரைகின்றனர். எதிர்வீட்டு மூதாட்டி யூதராக இருந்து, தம் தாயையும் தமக்கையையும் அக்கொடியின்கீழ்ப் பறிகொடுத்தவராக இருந்தால், அந்த நிலைப்படி அவருக்கு என்ன சொல்லும்? வட அமெரிக்கச் சமண சங்கங்களின் கூட்டமைப்பு தன் சின்னத்தில் சுவத்திகத்தின் இடத்தில் ஓங்காரத்தை வைத்துக்கொண்டது. இதனை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் வருந்துவர். எனக்கு அது அகிம்சையாகவே படுகிறது. பூசையறையில் சுவத்திகம் இருக்கட்டும். தெருவை நோக்கிய கதவில் வேண்டுமா என்பதை மருமகளும் மகனும் அண்டை வீட்டாரை அறிந்து முடிவு செய்யட்டும். அவர்கள் கேட்டு வந்தால் அரிசிச் சுவத்திகத்தின் பொருளை விளக்கவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாம் முதலில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மீண்டும் கொச்சிக்கு வருவோம். தலைப்புக்கு அங்கேதான் விளக்கம் இருக்கிறது. யூதர் பொதுத் தொழுகைக்குப் பதின்மூன்று வயது கடந்த ஆடவர் பதின்மர் வேண்டும். அதனை மின்யான் என்பர். இக்காலத்தில் பெண்டிரையும் எண்ணும் பிரிவினர் உளர். கொச்சியில் ஆடவரையே எண்ணினர். கட்டடமும் குருவும் இல்லாமற்போனாலும் பத்துப் பேர் கூடினால் தொழுகை நடைபெறும். எத்துணைச் சிறந்த கட்டடம் இருப்பினும் ஒன்பதின்மர் கூடினால் தோராவை வெளியே எடுத்து ஓத இயலாது. இறந்தோர்க்குரிய கதீஷ் மன்றாட்டையும் சொல்ல இயலாது.

கேரளத்தில் எட்டுப் பள்ளிகளும் 2,400 யூதரும் அளவில் இருந்தனர். இஸ்ரேல் நாடு அமைந்தபின், பெரும்பாலோர் 1950களின் நடுவில் அங்கே பெயர்ந்தனர். எவரும் விரட்டவில்லை; வேதம் பாடிய நிலத்தில் வாழும் வேட்கை அழைத்தது. மாளை என்னும் ஊரில் 1955இல் தம் பள்ளியை ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளியின் முன்கட்டில் பூச்செடியும் வளர்ப்பு மீனும் விற்கும் கடை வந்தது. மட்டாஞ்சேரியில் இருந்த மற்றொரு கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தை அடைந்தன. பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா 1968இல் நடந்தது, தலைமையமைச்சர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், அஞ்சல்தலை வெளியாயிற்று. அவ்வளவு சிறப்புற்ற அப்பள்ளியிலும் பின்னர்ப் பதின்மர் கூடாமற்போயினர். சுற்றுலா வந்த யூதரை அழைத்து எண்ணிக்கையை நிரப்பித் தொழுதனர். அத்தெருவின் முதுபெரும் பெண்மணி சாரா கோகன் 2019இல் 96 வயதில் மறைந்தபோது, அவருடைய துணிக்கடையையும் அவரையும் மகன்போல் பேணி வந்தவர் தாகா இப்ராகிம் என்னும் இசுலாமிய அன்பர்.

எண்ணிக்கை குறைந்ததற்குப் பெயர்ச்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரதேசிப் பள்ளியாரிடம் ஒரு குறை இருந்தது. முன்னாள் அடிமைகளின் வழிவந்தோர் என்று தம்முள் ஒரு பிரிவினரை ஒதுக்கி, பள்ளியினுள் சமமாக அமரவும் தோரா ஓதவும் விடாது வைத்திருந்தனர். அப்பிரிவில் பிறந்து, சென்னையில் பயின்று வழக்கறிஞரான ஏ.பி. சேலம், தம் பள்ளியினுள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். "யூதக் காந்தி" என்று பெயர் பெற்றார். தடைகள் படிப்படியாகவே நீங்கின. முற்றும் நீங்குவதற்குள் கூட்டமே கலைந்துவிட்டது. பதின்மர் தேவைப்பட்டபோது, தள்ளி வைத்தவர்களை நினைத்து அவர்கள் வருந்தியிருப்பர்.

நம் கிராமங்களிலும் நாள் பூசைக்கு ஒருவர் தேடவேண்டிய ஜினாலயங்கள் இருக்கின்றன. அவற்றின் குடும்பங்கள் இங்கே, இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வக் கடனாகச் சென்று வருகிறோம். ஆலயம் அங்கே, ஆட்கள் இங்கே. கோயிலை இழந்த யூதர் நெறியை எங்கே வைத்துக் காத்தனர் என்பதை அதனால்தான் இத்துணை விரிவாகச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை விளக்கிலும், பாத்திர அடுக்கிலும், பாஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளை எழுந்து "இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டும் என்ற கட்டாய விதியிலும். அவ்விழாவில் பிள்ளை கேட்டால்தான் பெரியவர் கதை சொல்லத் தொடங்குவர். நம் வீட்டில், "பாட்டி, நீங்கள் மட்டும் ஏன் இருட்டியபின் சாப்பிடுவதில்லை?" என்று பேரன் கேட்கிறான். "அது அப்படித்தான், நீ சாப்பிடு" என்கிறோம்.

இறுதியாக ஒரு செய்தி. கொச்சி யூதப் பெண்டிர் எபிரேயத் தொழுகையோடு நில்லாமல் மலையாளத்தில் பாடல்கள் பாடினர். திருமணத்திற்கு, பிள்ளைப் பேற்றுக்கு, பள்ளி எழுந்த வரலாற்றுக்கு என்று பலவகை. அவற்றைக் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாய் மகளுக்குத் தந்து வந்தாள். கடல் கடந்தபோது அந்நோட்டுகளும் பெட்டியில் சென்றன. புரட்டிப் பார்ப்பார் குறைந்த காலத்தில், அறிஞர்கள் இந்தியாவிலும் இஸ்ரேலிலும் தேடித் திரட்டினர். ஸ்கரியா சக்கரியாவின் முயற்சியில் அவற்றுட் பல "கார்குழலி" என்னும் பெயரில் 2005இல் எபிரேய மொழிபெயர்ப்போடு நூலாயின. பாட்டியர் பாடியதைப் பேத்தியர் மீண்டும் பாடத் தொடங்கினர்.

நம் பாட்டியரும் பாடினர். தீர்த்தங்கரர் தாலாட்டு, ஊஞ்சல், மங்களம், நோன்புக் கதை என்று எத்தனையோ. கோடுபோட்ட நோட்டிலும், பழைய நாட்குறிப்பிலும், கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். வீடு மாற்றும்போது பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அத்தகைய நோட்டு எவர் வீட்டிலேனும் இருந்தால் அறங்காவலரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். ஒளிப்படி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். எழுத்து மங்கியிருந்தால் படித்துப் பெயர்த்தெழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர் பெயரும் ஊரும் தெரிந்தால் முதல் பக்கத்தில் குறித்துக் கொடுங்கள்.